பிரிக்க வேண்டாம்: சிதறிப்போன ஒரு பீடத்தின் கதை



ஆலயத்திற்குள் நுழைந்து, தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை அடையாளம் வரைந்ததும், நம் கண்கள் தாமாகவே பீடத்தை நோக்கிப் போகின்றன. நற்கருணைப் பேழை, அதன் மேல் பாடுபட்ட சுரூபம், இருபுறமும் பாதுகாவலர்களின் சுரூபங்கள் என எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு முழந்தாளிடுகிறோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவை எல்லாம் சேர்ந்து ஒரே செபமாக நம்முன் நிற்கின்றன.

அந்தச் செபத்தை யாராவது இரம்பத்தால் அறுத்து, ஒரு துண்டை ஒரு நாட்டுக்கும் மறுதுண்டை இன்னொரு நாட்டுக்கும் விற்றுவிட்டால் என்ன ஆகும்? ஐரோப்பாவின் பல ஆலயங்களில் உண்மையாகவே அப்படி நடந்தது. அவற்றுள் ஒன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உள்ள சான் மார்க்கோ, அதாவது புனித மாற்கு ஆலயத்தின் பெரிய பீடம். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்து கிடந்த அதன் துண்டுகள், 2025 செப்டம்பர் 26 முதல் 2026 சனவரி 25 வரை புளோரன்சில் நடந்த ஒரு கண்காட்சியில் மீண்டும் ஒன்றாக வைக்கப்பட்டன. அறியப்பட்ட 18 பகுதிகளில் 17 பகுதிகள் வந்து சேர்ந்தன. தேனி மாவட்டத்துப் பங்குகளில் வாழும் நமக்கும் இந்தக் கதை சொல்லும் செய்தி ஒன்று உண்டு.

பீட ஓவியம் என்றால் என்ன?

பழைய காலத்தில் குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி, மக்களோடு சேர்ந்து ஒரே திசையை நோக்கித் திருப்பலி நிறைவேற்றினார். அவருடைய கண்களுக்கு நேராக, பீடத்தின் பின்புறம் எழும்பி நின்றது பீட ஓவியம். நம் ஊர்ப் பழைய ஆலயங்களில் மரத்தாலும் சுதையாலும் ஆன சுரூபக் கூண்டுகள் இருப்பதுபோல, இத்தாலியில் மரப்பலகைகளில் ஓவியம் தீட்டி நிறுத்தினார்கள். நடுவில் பெரிய பலகை. அதன் அடியில், பீடத்தின்மேல் அமர்வதுபோல, சிறு ஓவியங்களின் வரிசை. இருபுறமும் தூண்கள். தூண்களிலும் சின்னஞ்சிறு புனிதர்கள்.

நடுப்பலகை அன்னை மரியாவையும் புனிதர்களையும் காட்டும். அடிவரிசை அந்தப் புனிதர்களின் வரலாற்றைச் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு அதுவே மறைக்கல்வி. நிமிர்ந்து பார்த்தால் விண்ணக மகிமை, சற்றே குனிந்து பார்த்தால் அந்த மகிமைக்குப் போன பாதை. ஆகவே மேலும் கீழும் பிரிக்க முடியாதவை.

நம் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். செப்பேடு என்பது பல ஏடுகளை ஒரே வளையத்தில் கோத்து வைத்திருப்பது. ஓர் ஏட்டில் மன்னரின் மரபு இருக்கும், இன்னொன்றில் கொடுத்த நிலத்தின் எல்லை இருக்கும். வளையத்தை அறுத்து ஏடுகளைப் பிரித்துவிட்டால், யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்று தெரியாமல் போகும். பீட ஓவியமும் அப்படிக் கோக்கப்பட்ட ஒன்றுதான்.

ஓவியம் வரைந்த துறவி

இந்தப் பீடத்தை வரைந்தவர் சாமிநாதர் சபைத் துறவி ஒருவர். பிறப்பில் அவர் பெயர் குயிதோ தி பியெத்ரோ. துறவியான பிறகு சகோதரர் ஜொவான்னி. மக்கள் அவரை வானதூதரைப் போன்றவர் என்ற பொருளில் ஃபிரா ஆஞ்சலிக்கோ என்று அழைத்தார்கள். செபிக்காமல் அவர் தூரிகையைத் தொட்டதில்லை என்றும், சிலுவையில் தொங்கும் ஆண்டவரை வரையும்போதெல்லாம் கண்ணீர் விட்டார் என்றும் அவருக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் ஜோர்ஜோ வசாரி எழுதியிருக்கிறார். 1455 பிப்ரவரி 18 அன்று உரோமையில் இறந்தார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1982இல் இவரை அருளாளராக ஏற்று, 1984இல் கலைஞர்களின் பாதுகாவலராகவும் அறிவித்தார்.

1436இல் சான் மார்க்கோ மடம் சாமிநாதர் சபையாருக்குக் கிடைத்தது. அதைப் புதுப்பிக்கும் செலவை மெதிச்சி என்ற வணிகக் குடும்பத்தினர் ஏற்றார்கள். ஆஞ்சலிக்கோ மடத்தின் சுவர்களிலும், துறவியரின் சிறு அறைகளிலும் ஆண்டவரின் வாழ்வை ஓவியமாகத் தீட்டினார். அக்காலத்தில் மடத்துத் தலைவராக இருந்தவர் பின்னாளில் புளோரன்சின் பேராயரான புனித அந்தோனினுஸ். 1443ஆம் ஆண்டு திருக்காட்சிப் பெருவிழா அன்று, திருத்தந்தை நான்காம் யூஜின் முன்னிலையில் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. பெரிய பீடத்திற்காக வரையப்பட்டதே நாம் பேசும் ஓவியம்.

பீடத்தில் இருந்தவை

நடுப்பலகையில் அன்னை மரியா குழந்தை இயேசுவை மடியில் ஏந்தி அரியணையில் வீற்றிருக்கிறார். சுற்றிலும் வானதூதர்கள். ஒருபுறம் மாற்கு, யோவான், லாரன்ஸ். மறுபுறம் சாமிநாதர், அசிசி பிரான்சிஸ், மறைச்சாட்சி பேதுரு. எல்லாருக்கும் முன்னால் விரிப்பின்மேல் இரண்டு பேர் முழந்தாளிட்டிருக்கிறார்கள். அவர்கள் புனித கோஸ்மாசும் புனித தமியானும். ஒருவர் அன்னையை நோக்க, கோஸ்மாஸ் மட்டும் முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார். வாருங்கள், நீங்களும் வந்து முழந்தாளிடுங்கள் என்று அழைப்பதுபோல் இருக்கிறது அந்தப் பார்வை.

இவ்விருவரும் உடன்பிறந்தவர்கள், மருத்துவர்கள். நோயாளிகளிடம் கூலி வாங்காமல் மருத்துவம் செய்தவர்கள். திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இவர்களின் பெயர்களை நாம் கேட்கிறோம். இவர்களின் விழா செப்டம்பர் 26. கண்காட்சி தொடங்கிய நாளும் அதுவே.

நடுப்பலகையின் கீழ்ப்பகுதியில், விரிப்பின் முன்னால், சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் சிறிய படம் ஒன்று சாய்த்து வைத்ததுபோல் வரையப்பட்டுள்ளது. அதற்கு நேர் கீழே, அடிவரிசையின் நடுவில், இறந்த ஆண்டவரின் உடலைக் கல்லறை வாயிலில் தாங்கி நிற்கும் காட்சி. அதற்கும் கீழே பலிபீடம். ஆக, மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு வருகிறது. தாயின் மடியில் குழந்தை, சிலுவையில் பலி, கல்லறையில் உடல், கடைசியாகக் குருவானவரின் கைகளில் உயர்த்தப்படும் நற்கருணை. எல்லாம் ஒரே உடல். இதைச் சொல்வதற்காகவே அந்தத் துறவி பீடத்தை இப்படி அமைத்தார்.

இன்று அந்தக் கல்லறைக் காட்சி இருப்பது செருமனியின் மியூனிக் நகரில். நடுப்பலகையோ புளோரன்சில். தனியே மியூனிக்கில் பார்ப்பவருக்கு அது மிக அழகான ஒரு சிறு ஓவியம். அந்த நேர்கோடு மட்டும் அவருக்குத் தெரியாது.

ஒட்டகம் சொன்ன செய்தி

அடிவரிசையில் மொத்தம் 9 பலகைகள். நடுவில் கல்லறைக் காட்சி, இருபுறமும் நான்கு நான்காகக் கோஸ்மாஸ், தமியான் வரலாறு. அந்த வரலாற்றின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும்.

பல்லாடியா என்ற பெண்ணின் நோயை இவர்கள் குணமாக்கினார்கள். நன்றி மிகுதியால் அவர் தமியானிடம் ஒரு சிறு காணிக்கையை நீட்டினார். தமியான் மறுத்தார். அந்தப் பெண் ஆண்டவர் பெயரால் வற்புறுத்தவே, அவர் மனம் நோகக்கூடாதென்று பெற்றுக்கொண்டார். கோஸ்மாசுக்கு இது பிடிக்கவில்லை. கூலி வாங்கக்கூடாது என்ற நோன்பைத் தம்பி மீறிவிட்டான் என்று வருந்தி, தாங்கள் இறந்தபின் இருவரையும் ஒரே இடத்தில் அடக்கம் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றிரவே ஆண்டவர் தோன்றி, தமியான்மேல் குற்றமில்லை என்று அவருக்குத் தெளிவுபடுத்தினார் என்கிறது மரபு. ஆனால் மக்களுக்கு அது தெரியாது.

பின்னர் ஆளுநர் லீசியாவின் முன் நிறுத்தப்பட்டு, கடலில் எறியப்பட்டு, நெருப்பில் இடப்பட்டு, சிலுவையில் அறையப்பட்டுக் கல்லெறியப்பட்டு, எல்லாவற்றிலிருந்தும் காக்கப்பட்ட இவர்கள், கடைசியில் தங்கள் மூன்று சகோதரரோடு தலை வெட்டப்பட்டு மறைச்சாட்சிகள் ஆனார்கள். அடக்கம் செய்ய வந்தவர்கள் தயங்கி நின்றார்கள். தமியானை எங்கே வைப்பது? கோஸ்மாஸ் வேண்டாம் என்றாரே! அப்போது ஓர் ஒட்டகம் ஓடி வந்து மனிதக் குரலில் பேசியதாம். ஆஞ்சலிக்கோ அந்த ஒட்டகத்தையும் வரைந்து, அது சொன்னதை இலத்தீன் மொழியில் அதன் வாயருகே எழுதிவைத்தார். புண்ணியத்தில் பிரியாதவர்களைக் கல்லறையில் பிரிக்க வேண்டாம் என்பது அதன் பொருள்.

இப்போது இந்தப் பலகைகள் இருக்கும் இடங்களைப் பாருங்கள். பல்லாடியா காணிக்கை கொடுக்கும் பலகை அமெரிக்காவின் வாஷிங்டனில். ஆளுநர் முன் நிற்பது, கடலில் எறியப்படுவது, சிலுவையில் அறையப்படுவது ஆகிய மூன்றும் மியூனிக்கில். நெருப்பில் இடப்படுவது அயர்லாந்தின் டப்ளினில். தலை வெட்டப்படுவது பாரிசில். ஒட்டகம் பேசும் அடக்கக் காட்சியும், திருத்தொண்டர் ஒருவருக்கு இவர்கள் கால் பொருத்தும் புதுமையும் புளோரன்சில்.

வாஷிங்டனில் இருப்பவருக்கு அந்தக் காணிக்கை ஏன் வரையப்பட்டது என்று விளங்காது. புளோரன்சில் இருப்பவருக்கு ஒட்டகம் ஏன் பேசுகிறது என்று விளங்காது. கேள்வி ஒரு கண்டத்தில், பதில் இன்னொரு கண்டத்தில். பிரிக்க வேண்டாம் என்று சொல்லும் ஓவியத்தையே பிரித்துவிட்டார்கள்.

எப்படிச் சிதறியது?

யாரும் பகைமையால் இதைச் செய்யவில்லை. பிற்கால விருப்பத்திற்கு ஏற்பப் பீடப்பகுதி மாற்றியமைக்கப்பட்டபோது பழைய ஓவியம் கீழே இறக்கப்பட்டது. இறக்கப்பட்டது ஓரமாக வைக்கப்பட்டது. ஓரமாக வைக்கப்பட்டது மறக்கப்பட்டது. பிறகு நெப்போலியன் காலத்தில் மடங்கள் மூடப்பட்டன. சிறு பலகைகள் கைக்கு அடக்கமானவை, எளிதில் விலை போகக்கூடியவை. வணிகர்களின் கைகளுக்கு அவை போய்ச் சேர்ந்தன. பெரிய நடுப்பலகையோ விலை போகவில்லை. ஆனால் நன்றாகத் துலக்குகிறோம் என்று காரம் போட்டுத் தேய்த்ததில் அதன் மேற்பூச்சு பெரிதும் அழிந்துபோனது. இன்று அதைப் பார்ப்பவர்கள் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

தூண்களில் இருந்த சின்னஞ்சிறு புனிதர்களின் கதை இன்னும் வியப்பானது. அவற்றுள் இரண்டு, 2006இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் எளிய வீட்டில், கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன. 1960களில் சொற்ப விலைக்கு வாங்கப்பட்டவை. அறிஞர்கள் அவற்றை அடையாளம் கண்டபின், 2007இல் நடந்த ஏலத்தில் 17 இலட்சம் பவுண்டுக்குப் போயின. பீடத்தை அலங்கரித்த புனிதர்கள், என்னவென்று தெரியாமலே பல ஆண்டுகள் ஒரு கதவின் பின்னால் காத்திருந்தார்கள்.

எப்படிச் சேர்த்தார்கள்?

சிதறியவற்றை எந்தப் பீடத்துத் துண்டு என்று கண்டுபிடிப்பது பொறுமையான வேலை. அடிவரிசை ஓவியங்களைப் பொதுவாக ஒரே நீளப் பலகையில் வரைவார்கள். அறுத்துப் பிரித்தாலும் மரத்தின் இரேகைகள் மாறுவதில்லை. ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால் ஒரு துண்டின் இரேகை அடுத்த துண்டில் தொடர்வது தெரியும். செல்லரித்த துளைகள், ஆணி அடித்த தடங்கள், இரம்பம் போன வழி, ஒளிவட்டத்தின் பொன் தகட்டில் குத்திய அச்சு என எல்லாமே சாட்சி சொல்லும். மடத்தின் பழைய சொத்துப் பட்டியல்களும் குறிப்பேடுகளும் பெரிதும் உதவுகின்றன. யாரோ ஒரு துறவி அன்று பொறுப்போடு எழுதிவைத்த ஒரு வரி, நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பலகையை வீட்டுக்கு வழிகாட்டி அழைத்து வருகிறது.

இன்னும் சில பீடங்கள் இப்படி ஒன்றுசேர்ந்திருக்கின்றன. இத்தாலியின் பிஸ்தோயா நகரில் குருக்களின் மூவொரு கடவுள் சபை ஒன்று 1455இல் பெசெல்லினோ என்ற ஓவியரிடம் ஒரு பீட ஓவியம் கேட்டது. அவர் 1457இல் இறந்துவிட, பிலிப்போ லிப்பி என்ற துறவி ஓவியரின் பட்டறை 1460இல் முடித்துக் கொடுத்தது. 18ஆம் நூற்றாண்டில் அந்தச் சபை கலைக்கப்பட்டதும் ஓவியம் அறுக்கப்பட்டது. நடுவில் இருந்த மூவொரு கடவுளின் பகுதியை 1863இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடம் வாங்கியது. பிறகு வானதூதர்களும் புனிதர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவற்றுள் ஒரு துண்டு இன்றும் இங்கிலாந்து அரச குடும்பத்திற்குச் சொந்தம். ஆனாலும் அது முழுமையோடு சேர்ந்து நிற்கட்டும் என்று இரவலாகக் கொடுத்திருக்கிறார்கள். உரிமையை விடாமலே ஒற்றுமைக்கு வழிவிடலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கடைசிவரை கிடைக்காத ஒரு மூலையை மட்டும் புதிதாக வரைந்து நிரப்பியிருக்கிறார்கள்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1432இல் முடிக்கப்பட்ட செம்மறியின் வழிபாடு என்ற பீட ஓவியம் இன்னும் பல துன்பங்களைக் கண்டது. பிரெஞ்சுப் படைகள் சில பலகைகளை எடுத்துச் சென்றன. பக்கப் பலகைகள் 1816இல் விற்கப்பட்டு பெர்லினுக்குப் போயின. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையின்படி அவை திரும்பின. 1934இல் ஒரு பலகை திருடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் முழு ஓவியமும் ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கம் ஒன்றில் ஒளித்து வைக்கப்பட்டு, 1945இல் மீட்கப்பட்டது. திருடுபோன அந்த ஒரு பலகை இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் இடத்தில் நகல் ஒன்று நிற்கிறது. ஆனால் இந்த ஓவியம் இன்றும் இருப்பது கென்ட் பேராலயத்தில்தான். அருங்காட்சியகத்தில் ஒன்றுசேர்வதற்கும் ஆலயத்தில் ஒன்றுசேர்வதற்கும் உள்ள வேறுபாட்டை நம்பிக்கையுள்ளவர் அறிவார்.

நம் நாட்டிலும் நம் மொழியிலும்

இது ஐரோப்பாவின் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். பழைய கோவாவில் அகுஸ்தீன் சபையாரின் அருள் அன்னை ஆலயம் இருந்தது. 1835இல் போர்த்துக்கீசிய அரசு துறவற சபைகளை வெளியேற்றியபோது அது கைவிடப்பட்டது. 1842இல் கூரை விழுந்தது. 1931இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. அதன் மணி இன்று பனாஜி அமல அன்னை ஆலயத்தில் ஒலிக்கிறது. அந்த ஆலயத்தில்தான், 1624இல் பாரசீகத்தில் நம்பிக்கைக்காக உயிர்கொடுத்த ஜார்ஜியா நாட்டு அரசி புனித கேத்தவானின் திருப்பண்டத்தின் ஒரு பகுதியை அகுஸ்தீன் துறவியர் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இடிபாடுகளை அகழ்ந்த இந்தியத் தொல்லியல் துறையினர் 2004இல் எலும்பு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஐதராபாத்தில் நடந்த மரபணு ஆய்வு, அது அரசியுடையதாக இருக்கலாம் என்பதற்கு வலுச் சேர்த்தது. 2021 சூலையில் அத்திருப்பண்டத்தின் ஒரு பகுதியை இந்திய அரசு ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது. கத்தோலிக்கத் துறவியர் காத்துவைத்ததை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை கண்ணீரோடு பெற்றுக்கொண்டது.

நம் தமிழ் மொழியிலும் இப்படி ஒரு சிதறல் உண்டு. இயேசு சபைக் குரு அன்றீக்கே அன்றீக்கஸ் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம், 1586இல் வெளிவந்த அடியார் வரலாறு ஆகிய நூல்கள் தமிழ் மண்ணில் ஒரு படிகூட இல்லாமல் போயின. ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்தது, மற்றொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. தனிநாயகம் அடிகளார் போன்றவர்கள் வெளிநாட்டு நூலகங்களில் தேடி அலைந்து இத்தகைய செல்வங்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்தார்கள். இயேசு சபைக் குரு இராசமாணிக்கம் அவற்றைத் தூத்துக்குடியில் மறுபடி பதிப்பித்தார். மூலப்படி திரும்பி வரவில்லை. ஆனாலும் நூல் மக்களிடம் திரும்பி வந்தது.

திருச்சபை சொல்வது

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் பீடம் மக்களை நோக்கித் திரும்பியது. அது நமக்குக் கிடைத்த பெரும் அருள். அதே சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய கொள்கைத் திரட்டின் 126ஆம் எண்ணில், ஆலயத்தின் மதிப்புமிக்க திருப்பொருட்கள் கைமாறிப் போகாமலும் அழிந்துபோகாமலும் ஆயர்கள் விழிப்போடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

திருச்சபைச் சட்டமும் தெளிவாக இருக்கிறது. பழமையாலும் கலையாலும் மக்கள் பக்தியாலும் மதிப்புள்ள திருவுருவங்களைச் சீர்செய்ய ஆயரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் (சட்டம் 1189). திருப்பண்டங்களை விற்பது எவ்வகையிலும் கூடாது. மக்கள் பெரிதும் வணங்கும் திருவுருவங்களைத் திருத்தந்தையின் அனுமதியின்றி நிலையாக வேறிடம் மாற்றவும் கூடாது (சட்டம் 1190). ஆலயச் சொத்துகளை நிர்வகிப்போர் பொறுப்பேற்கும்போது பொருட்களின் பட்டியல் ஒன்று எழுதப்பட வேண்டும் (சட்டம் 1283). நாட்டுச் சட்டப்படியும், நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலைகள், ஓவியங்கள், மர வேலைப்பாடுகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்குள் வரும்.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

கம்பம் பள்ளத்தாக்கின் கத்தோலிக்க ஊர்களில் ஆலயம் என்பது முன்னோரின் வியர்வை. தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்களும், திராட்சைப் பந்தல் போட்டவர்களும், ஏலமலைக்கு ஏறி இறங்கியவர்களும் காணிக்கை சேர்த்து வாங்கிய சுரூபங்கள் அவை. மக்கள்தொகை கூடும்போது பழைய ஆலயத்தைப் பெரிதாக்குவதும் புதிதாகக் கட்டுவதும் தேவைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாட்களில்தான் பழையவை கீழே இறங்குகின்றன. கீழே இறங்கியவை சாமான் அறைக்குப் போகின்றன. சாமான் அறையிலிருந்து எங்கே போகின்றன என்பது பல வேளைகளில் யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே பங்கு மக்கள் சில எளிய செயல்களைச் செய்யலாம். பழைய பீடத்தைக் கழற்றும் முன், அது நிற்கும் நிலையிலேயே பல கோணங்களில் நிழற்படம் எடுத்து வைக்கலாம். கழற்றும் ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதி, எந்த எண் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து பங்கு அலுவலகத்தில் வைக்கலாம். உபயம் செய்தவர்களின் பெயர் பொறித்த பலகைகளை உடைக்காமல் காக்கலாம். பழைய மரச் சுரூபங்களுக்கு அழகுக்காக எனாமல் வண்ணம் பூசும் முன், பங்குத்தந்தை வழியாக ஆயர் இல்லத்தைக் கேட்டு, தேர்ந்தவரிடம் கொடுக்கலாம். கதிர்ப்பாத்திரம், திருவுடை, இலத்தீன் பூசைப் புத்தகம், பழைய மணி, திருமுழுக்குப் பதிவேடு, தேரின் பழைய மரச் சிற்பம் ஆகிய எல்லாவற்றையும் பட்டியல் எழுதி ஒரு படியை மறைமாவட்டத்திற்கு அனுப்பலாம்.

இன்னொன்றையும் செய்யலாம். ஊரில் வயது முதிர்ந்தவர்கள் இருக்கும்போதே, எந்தச் சுரூபம் எந்த ஆண்டு யாரால் எங்கிருந்து வந்தது, எந்த வேண்டுதலுக்காக வந்தது என்று அவர்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். இளைஞர் இயக்கமும் மறைக்கல்வி மாணவரும் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. பொருள் இருந்து கதை போய்விட்டால், அதுவும் ஒருவகைச் சிதறல்தான். ஆலயப் பொருள் ஏதேனும் நம் வீட்டில் ஒதுங்கியிருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட வேண்டாம். மூதாதையர் பத்திரத்திற்காகக் கொண்டுபோய் வைத்தது மறந்து அங்கேயே தங்கியிருக்கலாம். திருப்பிக் கொடுப்பவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்னவர்

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த பிறகு, எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்கும்படி ஆண்டவர் சீடரைப் பணித்தார் (யோவா 6:12). எல்லாரும் வயிறார உண்டாயிற்று. வேண்டிய மட்டும் அப்பம் பலுகச் செய்ய அவரால் முடியும். ஆனாலும் புல்மேல் கிடந்த துண்டுகளை அவர் விட்டுவிடவில்லை. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. இறைவாக்கினர் எசேக்கியேலிடமும் இரண்டு கோல்களை எடுத்து ஒரே கையில் ஒன்றாகப் பிடித்துக் காட்டும்படி ஆண்டவர் சொன்னார் (எசே 37:16-17). பிரிந்த மக்கள் ஒன்றாவார்கள் என்பதற்கு அது அடையாளம்.

சான் மார்க்கோ பீடத்தின் துண்டுகள் கண்காட்சி முடிந்ததும் தங்கள் தங்கள் நாடுகளுக்குத் திரும்பிவிட்டன. ஒன்றுசேர்ந்தது சில மாதங்கள்தான். ஆனால் அந்தச் சில மாதங்களில், காணிக்கை கொடுத்த பல்லாடியாவும் பேசிய ஒட்டகமும் ஒரே கூரையின் கீழ் நின்றார்கள். தாயின் மடியிலிருந்து கல்லறைவரை வந்த அந்த நேர்கோடு மறுபடி தெரிந்தது. இனி அவை பிரிந்திருந்தாலும், எந்த முழுமையின் பகுதிகள் அவை என்பது உலகுக்குத் தெரியும்.

வேலைக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரள மலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போயிருக்கும் நம் பிள்ளைகள், திருவிழாக் கொடியேற்றத்திற்கு ஊர் வந்து ஒரே பீடத்தின்முன் முழந்தாளிடுகிறார்கள். அவர்கள் வந்து பார்க்கும்போது, தாத்தாவும் பாட்டியும் கைகூப்பிய அதே சுரூபம் அங்கே இருக்க வேண்டும். எந்தக் குடும்பத்தின் பகுதி தாங்கள் என்பதை அது அவர்களுக்குச் சொல்லும்.

கூலி வாங்காமல் குணமளித்த புனித கோஸ்மாசே, புனித தமியானே, எங்கள் பங்குகள் ஒரே உடலாய் இருக்கவும், முன்னோர் எங்களிடம் விட்டுச்சென்றதை எங்கள் பிள்ளைகளிடம் முழுதாய் ஒப்படைக்கவும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.